ஷிஃப்ட் முடிச்சிட்டு கிட்டார் பயிற்சியா? கையடக்க ஆம்ப் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

எலக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொள்பவர்களுக்கு முதல் சிக்கல் விரல் வலி. இரண்டாவது சிக்கல், எங்கே உட்கார்ந்து வாசிப்பது என்பது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் தொழிற்பேட்டைப் பகுதிகளில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இந்த இரண்டாவது சிக்கல்தான் பெரிசு. ஒரே அறையில் மூணு, நாலு பேர் தங்கியிருப்பாங்க. ஒருத்தர் வேலைக்குக் கிளம்பும்போது இன்னொருத்தர் தூங்க வருவார். இதில் ஆம்ப் வச்சு எப்படி வாசிக்கிறது?

இதற்குப் பதிலாகத்தான் உள்ளங்கையில் அடங்கும் ஆம்ப், ஹெட்போன் ஆம்ப், பேட்டரி ஆம்ப் எனப் பல பெயர்களில் சின்னச் சின்னக் கருவிகள் சந்தைக்கு வந்திருக்கின்றன. இவை எப்படி வேலை செய்கின்றன, எது யாருக்குப் பொருந்தும், அறையில் எவ்வளவு சத்தம் வைக்கலாம், ஆலையில் வேலை பார்ப்பவர்கள் ஹெட்போன் மாட்டும்போது ஏன் கூடுதல் கவனம் தேவை? விரிவாகப் பார்க்கலாம்.

இந்தப் பகுதியில் ஏன் தேவை அதிகம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கு ஆலைகள், ரோலிங் மில்கள், ரசாயன ஆலைகள், வாகன உதிரிபாக நிறுவனங்கள் இருக்கின்றன. பக்கத்தில் தேர்வாய் கண்டிகை சிப்காட், அங்கே மிஷலின் டயர் ஆலை. திருவள்ளூரை ஒட்டி காக்களூர் தொழிற்பேட்டை. பெரும்பாலான இடங்களில் ஷிஃப்ட் முறைதான். உள்ளூர்க்காரர்களோடு தென் மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியிருக்கிறார்கள்.

இவர்களில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவோடு வாசிப்பவர்கள் உண்டு. கல்யாண சீசனில் லைட் மியூசிக் கச்சேரிக்குப் போகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நேரடி ரயில் பாதை கிடையாது. திருவள்ளூர் அரக்கோணம் தடத்தில் இருக்கு. கும்மிடிப்பூண்டி கூடூர் தடத்தில் இருக்கு. ரயிலில் போகணும்னா சென்னை பக்கம் வந்து மாறித்தான் போகணும். முதுகில் கிட்டார், கையில் பத்து கிலோ ஆம்ப் என்று காலை நேரப் புறநகர் ரயிலில் ஏறுவது நடக்கிற காரியம் இல்லை.

கிட்டாருக்கு ஆம்ப் எதுக்கு?

எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே 'பிக்கப்' என்ற பகுதி இருக்கும். காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும்தான் அது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. அது ஒரு வோல்ட்டில் சில பங்குதான். அதை வைத்து ஒரு ஸ்பீக்கரை ஓட்ட முடியாது. அதைப் பெருக்கித் தருவதுதான் ஆம்ப்.

ஆம்ப் வேலை அதோடு முடிவதில்லை. எலக்ட்ரிக் கிட்டாரின் குரலையே பாதி தீர்மானிப்பது ஆம்ப்தான். சுத்தமான 'க்ளீன்' ஒலி, கரகரப்பான 'டிஸ்டார்ஷன்' ஒலி எல்லாம் அங்கேதான் உருவாகுது. அதனால ஆம்ப் இல்லாமல் பயிற்சி செய்பவருக்கு விரல் பழகும். ஆனால் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் கை பழகாது. வாசிக்காத கம்பிகளை உள்ளங்கையால் அடக்குவது போன்ற நுணுக்கங்கள் ஆம்ப் வழியாகக் கேட்டால்தான் புரியும்.

அக்கூஸ்டிக் கிட்டார் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை. பிக்கப் பொருத்தாத சாதாரண கிட்டாரை ஆம்ப்பில் இணைக்கவும் முடியாது. கொல்கத்தா தயாரிப்பான கிவ்சன் போன்ற கிட்டாரில் தொடங்குகிறவர்கள், தங்கள் மாடலில் ஜாக் துளை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

50 வருஷத்துக் கதை

கையடக்க ஆம்ப் புதுசு இல்லை. அமெரிக்காவில் 1973-ல் 'பிக்நோஸ்' என்ற சின்ன ஆம்ப் வந்தது. 6 பேட்டரி, 5 இஞ்ச் ஸ்பீக்கர், 5 வாட்ஸ். முன்னால் இருக்கும் திருகு பன்றி மூக்கு மாதிரி இருக்கும், பெயர் அதனால்தான். பேட்டரியில் ஓடும் கிட்டார் ஆம்ப்களில் முதலில் புகழ்பெற்றவற்றில் ஒன்று இது.

அடுத்தது 1982-ல் வந்த 'ராக்மேன்'. உருவாக்கியவர் 'பாஸ்டன்' ராக் குழுவின் டாம் ஷோல்ஸ். எம்ஐடியில் பொறியியல் படித்து, போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு ஹெட்போனில் கேட்கும் கருவி அது. சோனியின் வாக்மேன் 1979-ல்தான் வந்திருந்தது. கிட்டாருக்கும் அதே மாதிரி ஒன்று வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

2000-க்குப் பிறகு ரோலண்ட் நிறுவனத்தின் 'மைக்ரோ க்யூப்' பரவலானது. பெரிய ஆம்ப்களின் ஒலியை ஒரு சிப்புக்குள் கணக்காகப் போட்டு, அதே ஒலியைச் சின்னப் பெட்டியில் தரும் 'மாடலிங்' முறையை இது மாணவர்கள் வரைக்கும் கொண்டுவந்தது. கடந்த சில ஆண்டுகளில் லித்தியம் பேட்டரி, யுஎஸ்பி சார்ஜிங், போன் ஆப் மூன்றும் சேர்ந்துகொண்டன.

இப்போ கிடைப்பவை என்னென்ன?

1. கிட்டாரிலேயே செருகும் ஹெட்போன் ஆம்ப்: வாக்ஸ் 'ஆம்ப்ளக்', ஃபெண்டர் 'மஸ்டாங் மைக்ரோ', பாஸ் 'கட்டானா கோ' போன்றவை. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. ஸ்பீக்கர் கிடையாது, நாம் வாசிப்பது நமக்கு மட்டும்தான் கேட்கும்.

2. சின்ன ஸ்பீக்கர் ஆம்ப்: மார்ஷல் 'எம்எஸ்-2' 1 வாட், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். பிளாக்ஸ்டார் 'ஃப்ளை 3' 3 வாட்ஸ். 6 டபுள்-ஏ பேட்டரி. பாசிட்டிவ் கிரிட் 'ஸ்பார்க் கோ' 5 வாட்ஸ். உள்ளேயே ரீசார்ஜ் பேட்டரி. மூன்றையுமே பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

3. நடுத்தர பேட்டரி ஆம்ப்: ரோலண்ட் 'மைக்ரோ க்யூப் ஜிஎக்ஸ்' 3 வாட்ஸ், சுமார் 2.7 கிலோ. பாஸ் 'கட்டானா மினி' 7 வாட்ஸ். 'ஸ்பார்க் மினி' 10 வாட்ஸ். தோளில் மாட்டலாம், ஆனால் ஏற்கெனவே கிட்டார் சுமப்பவருக்குக் கூடுதல் எடைதான்.

4. போன் வழி: 'ஐரிக்' போன்ற சின்ன இணைப்புக் கருவி மூலம் கிட்டாரைப் போனில் செருகி, ஆப் மூலம் ஒலியை உருவாக்குவது. செலவு குறைவு. ஆனால் எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் தாமதமில்லாமல் வேலை செய்யும்னு சொல்ல முடியாது. வாங்குவதற்கு முன் உங்கள் போனிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது.

இது தவிர ஐந்தாவதாக ஒரு வழியும் உண்டு: நாமே செய்வது. 'எல்எம்386' என்ற 8 கால் சிப், ஒரு 9 வோல்ட் பேட்டரி, சில கெப்பாசிட்டர், ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கர் இருந்தால் போதும். சென்னை ரிச்சி தெருவில் இந்தப் பொருட்கள் எல்லாமே கிடைக்கும். இந்தச் சிப் சாதாரணமாக 20 மடங்கு பெருக்கும். 1, 8 ஆகிய கால்களுக்கு இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் 200 மடங்கு வரை போகும். ஒலி பிரமாதமாக இருக்காது. ஆனா சால்டரிங் தெரிந்த ஐடிஐ மாணவர் ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

வாட்ஸ் அதிகம்னா சத்தம் அதிகமா?

கடையில் பலரும் ஏமாறுவது இங்கேதான். 5 வாட்ஸை விட 10 வாட்ஸ் இரண்டு மடங்கு சத்தம் போடும் என்று நினைக்கிறோம். உண்மையில் வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கு' என்ற அளவுதான். சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய சுமார் 10 டெசிபல் கூட வேண்டும்; அதற்கு 10 மடங்கு வாட்ஸ் தேவை. அதாவது, 5 வாட்ஸுக்கு இரண்டு மடங்கு சத்தம் வேணும்னா 50 வாட்ஸ்.

எனவே அறைப் பயிற்சிக்கு 3 வாட்ஸும் 10 வாட்ஸும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்யும். வித்தியாசம் தெரிவது ஸ்பீக்கர் அளவில். கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 82 முறை அதிரும். அந்த கனமான ஒலியைத் தள்ளும் அளவுக்குக் காற்றை 2, 3 இஞ்ச் ஸ்பீக்கரால் அசைக்க முடியாது. அதனால்தான் சின்ன ஆம்ப்களில் ஒலி 'டப்பா' மாதிரி கேட்கிறது. அதே கருவியில் நல்ல ஹெட்போன் மாட்டினால் கனமும் சேர்ந்து வரும்.

டிரம்ஸ் இருக்கும் மேடைக்கு இவை எதுவும் பத்தாது. கச்சேரிக்குப் போகிறவர் இதைப் பயிற்சிக்கும் மேடைக்குப் பின்னால் சுருதி சரிபார்க்கவும்தான் பயன்படுத்த முடியும். மேடையில் மிக்ஸர் வழியாக நேராகச் செல்வதுதான் வழி.

வீட்டில் இருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர் போதாதா?

போதாது. காரணம் தாமதம். கம்பியைத் தட்டிய நொடிக்கும் சத்தம் கேட்கும் நொடிக்கும் இடைவெளி சுமார் 10 மில்லி விநாடிக்குள் இருந்தால் நமக்குத் தெரியாது. 3 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் வைத்த ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்துசேர ஆகும் நேரம்தான் அது. ஆனால் சாதாரண ப்ளூடூத் ஆடியோவில் தாமதம் 150 முதல் 200 மில்லி விநாடி வரைகூடப் போகும். 200 மில்லி விநாடி என்றால் கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரில் வாசிப்பது மாதிரி. தாளத்தோடு சேர்ந்து வாசிக்கவே முடியாது.

அப்போ ஆம்ப்பில் ஏன் ப்ளூடூத் கொடுக்கிறாங்க? போனிலிருந்து பாட்டை அனுப்பி, அதோடு சேர்ந்து வாசிப்பதற்காக. பாட்டு மட்டும் ப்ளூடூத்தில் வரும். கிட்டார் வயர் வழியாகப் போகும். ஹெட்போனும் வயர் உள்ளதாக இருக்கணும். காதில் மாட்டும் வயர்லெஸ் பட்ஸ் இந்த வேலைக்கு ஆகாது.

அறையில் எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

இதுக்குச் சட்டம் இருக்கு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி அனுமதிக்கப்பட்ட அளவு:

- தொழிற்சாலைப் பகுதி: பகலில் 75 டெசிபல், இரவில் 70
- வணிகப் பகுதி: பகலில் 65, இரவில் 55
- குடியிருப்புப் பகுதி: பகலில் 55, இரவில் 45
- அமைதி மண்டலம்: பகலில் 50, இரவில் 40

இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியார் ஒலிக் கருவிகளுக்கு, அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை விட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அதாவது, குடியிருப்புப் பகுதியில் இருக்கும் அறையில் இரவு 11 மணிக்கு வாசித்தால், எல்லையில் 50 டெசிபலைத் தாண்டக் கூடாது. சாதாரணப் பேச்சே சுமார் 60 டெசிபல். ஆக, இரவில் ஸ்பீக்கர் என்ற பேச்சுக்கே இடமில்லை; ஹெட்போன் மட்டும்தான்.

சிப்காட் பக்கத்துலதானே இருக்கோம், இங்கே 70 வரை போகலாமேன்னு கேட்கலாம். தொழிற்சாலை எல்லைக்குள் இருப்பதும், அதற்கு வெளியே ஊருக்குள் இருக்கும் வாடகை அறையும் ஒன்றல்ல. அதைவிட முக்கியம், இரவு ஷிஃப்ட் முடித்தவருக்குப் பகல்தான் இரவு. பகலில் 55 டெசிபல் சட்டப்படி சரி. ஆனால் பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவருக்கு அது சரியில்லை. புறநகர் ரயிலிலும் இதே கதைதான். பெட்டிக்குள் ஸ்பீக்கர் போட்டுச் சக பயணிகளுக்குத் தொந்தரவு கொடுத்தால் 1989 ரயில்வே சட்டம் 145-வது பிரிவின்படி நடவடிக்கை எடுக்க முடியும்.

ஹெட்போன் போட்டா பிரச்னை தீர்ந்ததா?

அக்கம்பக்கத்தாரின் பிரச்னை தீரும். உங்கள் காதின் பிரச்னை அங்கேதான் தொடங்குது. ஆலையில் வேலை பார்க்கும் கிட்டார் ஆர்வலர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கணும்.

காதுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைப்படி 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலில் 4 மணி நேரம், 91-ல் 2 மணி நேரம், 94-ல் 1 மணி நேரம்.

இந்தியத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதி உண்டு. நியோஷ் கணக்குப்படி 90 டெசிபலில் சுமார் இரண்டரை மணி நேரம்தான் இருக்கலாம். அப்படியென்றால், ரோலிங் மில்லிலோ பிரஸ் ஷாப்பிலோ காதுக்கவசம் இல்லாமல் ஒரு ஷிஃப்ட் முடிக்கிறவரின் காது, அறைக்கு வருவதற்குள்ளேயே அன்றைய கணக்கைத் தாண்டியிருக்கும். அதற்கு மேல்தான் ஹெட்போனில் ஒரு மணி நேரம் சேர்கிறது.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. அதிக சத்தத்தில் இருந்து வெளியே வந்ததும் காது கொஞ்ச நேரத்துக்கு மந்தமாக இருக்கும். தற்காலிகச் செவித்திறன் குறைவு என்று இதைச் சொல்கிறார்கள். சரியாகச் சில மணி நேரம் ஆகலாம். ஒரு நாள்கூட ஆகலாம். அந்த நேரத்தில் ஹெட்போன் மாட்டினால் சத்தம் குறைவாகத் தெரியும். உடனே வால்யூம் திருகை ஏற்றுவோம். களைத்த காதுக்குத்தான் அன்றைக்கு அதிக சத்தம் போய்ச் சேரும். போனில் அதிக வால்யூம் வைத்தால் வரும் எச்சரிக்கையை, திருகு மட்டும் உள்ள ஆம்ப்பில் எதிர்பார்க்க முடியாது.

சத்தத்தால் ஏற்படும் செவித்திறன் இழப்பு, 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 3-வது அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவே சேர்க்கப்பட்டது. இஎஸ்ஐ சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டிருந்தது. உள்காதில் அழிந்த நுண்ணிய செல்கள் மறுபடி வளராது. இசை வாசிக்கிற ஒருவருக்கு முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். பேச்சு நல்லா கேட்கும். ஆனா கிட்டாரின் பளபளப்பு குறைஞ்ச மாதிரி இருக்கும். பலரும் கம்பி பழசாயிடுச்சுன்னு நினைச்சு கம்பியை மாத்துவாங்க.

என்ன செய்யலாம்?

- ஆலையில் கொடுக்கும் காதுக்கவசத்தைக் கட்டாயம் அணியுங்கள். கிட்டார் வாசிக்க மிச்சம் வைக்கும் காது அங்கேதான் காப்பாற்றப்படுகிறது.
- விடுமுறை நாள் காலையில், காது தெளிவாக இருக்கும்போது, வசதியான வால்யூமை வைத்துத் திருகின் பக்கத்தில் ஒரு டேப் துண்டு ஒட்டிவிடுங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்த நாளில் அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்.
- ஷிஃப்ட் முடிந்த உடனே ஹெட்போன் வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு வாசிக்கலாம். அவசரமென்றால் ஆம்ப் இல்லாமல் விரல் பயிற்சி மட்டும் செய்யலாம்.
- ஹெட்போனைக் கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்ற சத்தம் கேட்டாலோ, மற்றவர் பேசுவது மந்தமாகத் தெரிந்தாலோ அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிக்கடி வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். இஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்பட, இஎஸ்ஐ மருந்தகம் மூலம் இதற்குப் போகலாம்.

பேட்டரி, சார்ஜர்: எதில் கவனம்?

டபுள்-ஏ பேட்டரியில் ஓடும் ஆம்ப்புக்கு ஒரு நன்மை உண்டு. எந்தப் பெட்டிக்கடையிலும் பேட்டரி கிடைக்கும். 5 வருஷம் கழித்தும் கருவி ஓடும். ஆனால் தினமும் வாசிப்பவருக்குச் செலவு கையைக் கடிக்கும். ரீசார்ஜ் செல் போட்டால் 6 செல்லுக்கு 9 வோல்ட்டுக்குப் பதில் 7.2 வோல்ட்தான் வரும். அந்த மாடல் அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்க்கணும். ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வைப்பதும் அவசியம். கசிந்தால் கருவியே போய்விடும்.

உள்ளேயே லித்தியம் பேட்டரி உள்ளவை யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும். நல்ல மாடல்கள் ஒரு சார்ஜில் 5 முதல் 8 மணி நேரம் வரை ஓடும் என நிறுவனங்கள் சொல்கின்றன. சத்தம் கூடினால் நேரம் குறையும். சென்னை வட்டார வெயிலில் பூட்டிய காரிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயும் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி.

அடாப்டர் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. பாஸ் போன்ற பல கிட்டார் கருவிகளுக்கு 9 வோல்ட், 'சென்டர் நெகட்டிவ்' அடாப்டர் தேவை. கீபோர்டு அடாப்டர்களில் பல இதற்கு நேர் எதிர். பின் பொருந்துகிறது என்பதற்காகச் செருகினால் கருவி பாழாகலாம். அடாப்டரில் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு: 100 வாட்-ஹவருக்குள் பேட்டரி உள்ள கருவியைக் கொண்டுபோகலாம். 3.7 வோல்ட், 3 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் சுமார் 11 வாட்-ஹவர்தான். தனி லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் ஆகியவற்றைக் கைப்பையில்தான் வைக்கணும். செக்-இன் பெட்டியில் கூடாது.

யாருக்கு எது?

பகிர்ந்த அறையில் தங்கி, ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவருக்கு ஹெட்போன் ஆம்ப் போதும். மிச்சப் பணத்தை நல்ல வயர் ஹெட்போனில் போடலாம். தனி வீட்டில் குடும்பத்தோடு இருப்பவர், பகலில் வாசிக்க முடிகிறவர், 3 முதல் 10 வாட்ஸ் ஸ்பீக்கர் ஆம்ப் வாங்கலாம். சர்ச்சில் அக்கூஸ்டிக் கிட்டாரோடு பாடியும் வாசிப்பவருக்கு இந்த எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்கள் பொருந்தாது. மைக் துளையும் உள்ள பேட்டரி அக்கூஸ்டிக் ஆம்ப்தான் சரி. கச்சேரிக்குப் போகிறவர், ஹெட்போன் துளையோடு மிக்ஸருக்குப் போகும் அவுட்புட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் ஒரே கருவி இரண்டு வேலைக்கும் உதவும்.

ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் ஒருமுறை கடையில் வாசித்துப் பாருங்கள். சென்னை அண்ணா சாலையில், 1842-ல் தொடங்கப்பட்ட மியூசி மியூசிக்கல் உட்பட இசைக்கருவிக் கடைகள் பல இருக்கின்றன. உங்கள் சொந்த கிட்டாரையும் சொந்த ஹெட்போனையும் எடுத்துட்டுப் போங்க. வால்யூம் குறைவாக இருக்கும்போதும் ஒலி நன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் தினமும் வாசிக்கப்போவது அந்த அளவில்தான்.